மூணு எட்டு, ரெண்டு ராஜா

சீட்டைத் தொட்டால் கையை ஒடித்துவிடுவேன் என்று அப்பா சொல்லி வைத்திருந்த வயதில் எனக்குப் போக்கர் முழுசாகத் தெரியும். உபயம், அம்மாவின் தம்பி. அவிநாசிப் பக்கம் சின்னதாகப் பனியன் கம்பெனி நடத்திய மாமா, ஒரு முழுப்பரீட்சை லீவில் பழைய வீடியோ கேம் பெட்டி ஒன்றையும் போக்கர் டிஸ்க்கையும் வாங்கிவந்து டிவியில் மாட்டினார். லீவுக்கு அங்கே போயிருந்த நான் ஒரு வாரத்தில் அவருக்கு வாத்தியார் ஆகிவிட்டேன்.

அந்த டிஸ்க்குக்குள் ஒரு போட்டியே நடந்தது. ஆளுக்கு இரண்டு சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து. நேரம் ஆக ஆகக் கட்டாயப் பந்தயம் ஏறிக்கொண்டே போகும்; பதுங்கி உட்கார்ந்து பிழைக்க முடியாது. பந்தய வில்லைகள் சரியும் சத்தம்கூட அச்சு அசல். தொப்பிக்காரன் ஒருவன், கையில் ஒன்றுமில்லாதபோது மட்டும் காதைச் சொறிவான். அதைக் கண்டுபிடித்தது நான். எழுந்து டீ குடிக்கப் போக ஆளில்லை என்பதைத் தவிர அந்த ஆட்டத்தில் குறையே இல்லை என்று நினைத்திருந்தேன்.

மாமாதான் மந்தமான மாணவர். கேட்கிற சந்தேகமே கோணலாக இருக்கும்.

“ஏங்கண்ணு, நல்ல சீட்டை எப்பக் கீழ போட்டா ஆருக்கும் சந்தேகம் வராது?”

“நல்ல சீட்டை எதுக்குங்க மாமா கீழ போடோணும்?”

“சும்மா கேட்டேன் சாமி. நீ ஆடு.”

பெங்களூரிலிருந்து ஓர் இன்ஸ்பெக்டர் வருவார். அவர் சரக்கைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் பெட்டிகள் தூத்துக்குடிக்குப் போய்க் கப்பலேறும். கப்பலை விட்டால் சொந்தச் செலவில் விமானம்; அதோடு மாமாவின் அந்த சீசன் லாபமும் பறந்துவிடும். இன்ஸ்பெக்டருக்குப் போக்கர் என்றால் உயிர். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மாமாவோடும் பேக்கிங் மாஸ்டரோடும் ஓர் ஆட்டம். பந்தயத்துக்கு மிச்சப் பட்டன்கள். ஜெயித்த கையோடு ஒன்றிரண்டு பெட்டியைப் பிரித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். இது அங்கே வழக்கம்.

அன்று கம்பெனியில் நான் மாமாவின் முதுகுப்பக்கம் உட்கார்ந்திருந்தேன். மாமா கையில் இரண்டு எட்டு. நடுவில் இரண்டு ராஜா, ஓர் எட்டு, இரண்டு உதிரி. லேசில் யாரும் ஜெயிக்க முடியாத கை. இன்ஸ்பெக்டர் தன் பட்டன் குவியல் முழுவதையும் முன்னால் தள்ளினார். காதைச் சொறியவில்லை. ஆனாலும் மாமாதான் ஜெயிப்பார் என்று வீட்டு வீடியோ கேம் பெட்டியைச் சாட்சி வைத்து நான் சத்தியம் செய்திருப்பேன்.

மாமா பெருமூச்சு விட்டு, சீட்டைக் கவிழ்த்துப் போட்டார். “நமக்கு வர்லீங்க சார்.”

வீடியோ கேமில் ஆட்டத்தை நிறுத்திவைக்கும் பட்டனைத் தேடி என் கட்டைவிரல் தொடையை அழுத்தோ அழுத்தென்று அழுத்தியது. நிற்கவில்லை. இன்ஸ்பெக்டர் சிரித்துக்கொண்டே தன் சீட்டைத் திருப்பினார். ஒரு நாலு, ஓர் ஒன்பது. “என்கிட்ட ஒண்ணுமே இல்லீங்க. சும்மா பயம் காட்டினேன்.”

அதற்குமேல் என்னால் முடியவில்லை. பாய்ந்து மாமாவின் சீட்டைத் திருப்பினேன்.

“மூணு எட்டு, ரெண்டு ராஜா. நீங்கதானுங்க மாமா ஜெயிச்சீங்க. நா சொல்லிக்குடுத்தது மறந்து போச்சுங்களா?”

இன்ஸ்பெக்டர் எட்டுகளைப் பார்த்தார். பிறகு மாமாவை. பேக்கிங் மாஸ்டர் நெல்லைச் சீமைக்காரர். “ஏந்தம்பி, இப்பிடிப் பண்ணிப்புட்டியளே” என்றார், துக்க வீட்டுக் குரலில்.

“அப்போ போன தடவையும்?” என்று கேட்டார் இன்ஸ்பெக்டர். மாமா பட்டன்களை ஒதுக்கிக்கொண்டிருந்தார். “எல்லாப் பெட்டியையும் பிரிங்க” என்றார் இன்ஸ்பெக்டர்.

நான் ஓடிப்போய்த் துணி உருளைகளுக்குப் பின்னால் பதுங்கினேன். பெட்டிகளின் டேப் சர்ர் சர்ரென்று கிழிந்தது. அடுத்து என்னைப் பிரிப்பார்கள் என்று நம்பி, தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன்; தெரியாத இரண்டு சாமிகளையும். அழுகையை அடக்கத் துணியைக் கடித்ததில் வாயெல்லாம் பஞ்சு.

பொழுது சாயும்போது சத்தம் நின்றது. எட்டிப் பார்த்தேன். இன்ஸ்பெக்டர் கடைசிச் சட்டையை வைத்துவிட்டு, “சரக்கு சுத்தமா இருக்கு. அப்புறம் எதுக்குங்க அதெல்லாம்?” என்று கேட்டார். பதிலுக்குக் காத்திருக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

மாமா கலைந்த பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்தார். ஒரு சட்டையை எடுத்து, உள்பக்கம் திருப்பி, தையலை விரலால் நீவிக்கொண்டே போனார். யாரோ தைத்ததைப் பார்ப்பதுபோல. “நல்லாத்தான் இருக்குது” என்றார், யாரிடம் என்று தெரியாமல்.

ஜெயிக்கவேண்டிய ஆட்டத்தை விட்ட துக்கம் என்று நினைத்தேன். கிட்டே போய், “உடுங்க மாமா, ஊட்டுக்குப் போய் இன்னொருக்கா சொல்லித்தாரேன்” என்று தேற்றினேன். அவர் தலையாட்டினார். சட்டை வெகுநேரம் அவர் மடியிலேயே கிடந்தது.