ஐம்பத்திரண்டு சீட்டும் கடந்தால்

காலையில் என் வீட்டுத் தரைக்கு அடியிலிருந்து எண்கள் கேட்கும். ஆஸ், தே, த்ருவா, கத்ர். நான் மாடியில், அக்கா கீழே, நடுவில் உப்பளத்து உப்புக்காற்றில் உதிர்ந்துகொண்டிருக்கும் ஒரு தளம். சில நாள் எண்கள் ஐந்தோடு நின்றுவிடும். சில நாள் ராஜாவரைக்கும் போய், மூச்சு வாங்கி, மறுபடி ஆஸிலிருந்து ஓடும். எங்கே நின்றாலும் நின்ற இடத்தில் ஒரு "சீ!" விழும். பிறகு குக்கர் சத்தம், குழாய்ச் சத்தம், கதவு. அக்கா வேலைக்குக் கிளம்பிவிட்டாள்.

அவளுக்குத் தெரிந்த பிரெஞ்சு மொத்தமே இந்தப் பதிமூன்று சொல்தான். அவளுடைய மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அந்த வீட்டில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சீட்டுக் கட்டு வெளியே வரும். கலைத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் திருப்ப வேண்டும். திருப்பும்போதே வரிசையாகச் சொல்லிக்கொண்டு வர வேண்டும்: ஆஸ், இரண்டு, மூன்று என்று பத்துவரை, பிறகு வலே, தாம், ருவா, அதாவது ஜாக்கி, ராணி, ராஜா. ராஜாவுக்குப் பிறகு திரும்பவும் ஆஸ். வாய் சொன்னதும் கை போட்டதும் ஒன்றாகிவிட்டால் தோற்றாய். ஐம்பத்திரண்டும் ஒருமுறைகூட மோதாமல் விழுந்தால் வென்றாய், நினைத்தது நடக்கும். கணவர் இறந்துபோய்ப் பல வருஷமாகிறது. அந்த வீட்டிலிருந்து அவள் கொண்டுவந்த சாமான்கள் அதிகமில்லை. இந்த விளையாட்டு மட்டும் கூடவே வந்துவிட்டது.

போன மழைக்காலம்வரை அது வெறும் விளையாட்டு. அப்புறம் அவர் வந்தார்.

கனகசெட்டிக்குளத்தில் படகு இன்ஜின் பழுது பார்க்கிறவர். மனைவி இல்லை. மகள் கல்யாணமாகிச் சென்னையில். தன் அம்மாவுக்கு மாத்திரை வாங்க, அக்கா பில் போடும் மருந்துக்கடைக்கு வந்துகொண்டிருந்தவர், அம்மா தவறிய பிறகும் வந்தார். தொண்டை மிட்டாய் வாங்கினார். இருமலே இல்லாத மனுஷன். கடைசியில் ஒரு சனிக்கிழமை பெரிய மார்க்கெட்டில், பூக்கடைகளின் ஈரத்தில் நின்று என்னைப் பிடித்தார்.

"உங்க அக்காவ நேரா கேக்கறதுக்கு ஒரு மாதிரியா இருக்கு. நீங்கதான் கேட்டுச் சொல்லணும், மச்சா..."

சொல் பாதியில் நின்றது. அவருக்கே வெட்கமாகிவிட்டது. "சார்" என்று முடித்தார்.

அக்காவிடம் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை, கோபப்படவுமில்லை. வெங்காயத்தை அரிந்து முடித்துவிட்டுத்தான் பேசினாள்.

"சீட்டு முழுசா கடந்துச்சுன்னா சரின்னு சொல்லு."

"எப்ப கடக்கும்?"

"கடக்கும்போது. ஒரு நாளைக்கு ஒரு ஆட்டம்தான். காலையில."

"இன்னாக்கா இது, கல்யாணத்தப் போயி..."

"அவருக்குப் பொறுமை இருந்தா இருக்கட்டும். இல்லன்னா போவட்டும்."

பொறுமை இருந்தது. சனிக்கிழமை தோறும் மார்க்கெட்டில் என்னிடம், "இந்த வாரம் எது வரைக்கும் போச்சு?" என்று கிரிக்கெட் ஸ்கோர் கேட்பது போலக் கேட்பார். "ரெண்டாவது ரவுண்டு, ஒன்பது" என்பேன். "பரவால்லயே!" என்பார். ஆனால் மழை நின்று பனி தொடங்கிய பிறகு ஒரு நாள் அவர் ஸ்கோர் கேட்கவில்லை.

"மக சென்னைக்கே வந்துடுன்றா. பொங்கல் வரைக்கும்னு சொல்லி வச்சிருக்கேன். உங்க அக்காவுக்கு இஷ்டமில்லன்னா சொல்லிடுங்க, நான் தப்பா எடுத்துக்க மாட்டேன். வேணாம்னு வாயால சொல்ல முடியாமத்தான் சீட்டு மேல போட்டாங்களோ என்னமோ."

அந்த வாக்கியம் எனக்குள் புகுந்துகொண்டது. உண்மையில் அக்கா சீட்டிடம் என்ன கேட்டிருக்கிறாள்? எளிதான கேள்வியா, முடியாத கேள்வியா? ஒருவேளை இது கதவைச் சாத்தும் சத்தம் கேட்காமல் சாத்துகிற வழியா?

நான் கவிதை எழுதுகிறவன். கணக்கோடு எனக்குள்ள உறவு பள்ளிக்கூடத்தோடு முடிந்தது. முதலில் மடத்தனமாக, கடக்கும் அல்லது கடக்காது, ஆகவே பாதிக்குப் பாதி என்று நினைத்தேன். பிறகு ஒரு கட்டு வாங்கிக்கொண்டு கடற்கரைச் சாலைக்குப் போய், காற்று சீட்டைப் பிடுங்காமல் செருப்பை வைத்து அமுக்கிக்கொண்டு, சாயந்திரம் முழுக்க நானே போட்டுப் பார்த்தேன். ஒருமுறைகூடக் கடக்கவில்லை. ஐந்தில் போனது, ஜாக்கியில் போனது, எடுத்த எடுப்பில் ஆஸிலேயே போனது. பக்கத்தில் சுண்டல் தின்றுகொண்டிருந்த ஒருவர், "தனியா ஆடியே தோக்கறீங்களே சார்" என்றார்.

வீடு திரும்பும் வழியில்தான் யோசனை ஓடியது. ஒரு சீட்டைத் திருப்பும்போது பதிமூன்று விதத்தில் எதுவும் விழலாம். நான் சொன்ன ஒன்றைத் தவிர மற்ற பன்னிரண்டும் நல்லது. பதிமூன்றில் பன்னிரண்டு! இவ்வளவு தாராளமான கதவு எந்த வீட்டில் இருக்கிறது? ஆனால் அந்தக் கதவை ஐம்பத்திரண்டு முறை தாண்ட வேண்டும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் குறையும். குறைந்ததிலிருந்து இன்னும் கொஞ்சம் குறையும். தெருவிளக்கடியில் நின்று போனில் பெருக்கிக்கொண்டே போனேன். பன்னிரண்டைப் பதிமூன்றால் வகுத்தேன், அதை அதனாலேயே பெருக்கினேன், திரும்பவும், திரும்பவும். ஒன்பதாவது சீட்டிலேயே பாதிக்குக் கீழே இறங்கிவிட்டது. முதல் ராஜாவைத் தாண்டும்போது மூன்றில் ஒன்று. கட்டு பாதி தீரும்போது எட்டில் ஒன்று. அலை வாங்கிப்போகும் மணல் மாதிரி, காலடியில் இருப்பது தெரியாமலே போய்க்கொண்டிருந்தது. ஐம்பத்திரண்டாவதில் நூறுக்கு ஒன்றரைதான் மிச்சம். அறுபத்துச் சொச்சம் ஆட்டத்தில் ஒன்று.

கல்லூரியில் கணக்கு நடத்தும் நண்பனுக்குப் போன் செய்தேன். சிரித்தான். "விழுந்த சீட்டு திரும்பக் கட்டுக்குள்ள போறதில்லடா, அத நீ விட்டுட்ட. சுத்தமா போட்டா இம்மியளவு கூடும். மத்தபடி சரிதான். எதுக்கு உனக்கு இது?" சும்மா என்றேன்.

வீட்டு வாசலில் நின்றபோது இதை அக்காவிடம் சொல்லலாமா என்ற சந்தேகம் வந்தது. அறுபதில் ஒன்று என்று தெரிந்தேதான் அவள் இந்த நிபந்தனையை வைத்திருந்தாளென்றால் பதில் தெரிந்துவிட்டது. மார்க்கெட்டில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டியது மட்டும்தான் பாக்கி. தெரியாமல் வைத்திருந்தால்?

அவள் அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தாள். சொன்னேன்.

கை நின்றது.

"அறுபதுலயா?"

"சொச்சம்."

"எங்க மாமியார் வாரத்துக்கு ஒரு தடவ ஜெயிப்பாங்களே!"

"பார்த்தியா நீ?"

"சொல்லுவாங்க." கையிலிருந்த அவரைக்காயை முறத்தில் போட்டாள். பிறகு, "திருட்டுக் கெழவி" என்றாள்.

நான் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வேண்டாம் என்று இருக்கிறவளுக்கு இது நல்ல செய்தி. சந்தோஷமாக நாரை உரித்துக்கொண்டு போயிருக்கலாம். அவள் முகமோ, பஸ்ஸைத் தவறவிட்டவள் முகமாக இருந்தது. என் நாற்பத்தெட்டாவது வயதில், கூடப் பிறந்தவளைப் பற்றி ஒன்றை அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

"ஏன்க்கா, நேரா சரின்னு சொல்லிட்டா என்ன?"

"நானா சொல்றதா? அம்பது தாண்டியாச்சு. ஆசப்பட்டுப் போனா மாதிரி இருக்காது? தானா வந்துச்சுன்னா, சரி, வந்துச்சுன்னு போலாம்." அவரைக்காயை மறுபடி எடுத்தாள். "இவ்ளோ நாள் போட்டிருக்கேனே, அதக் கழிச்சிட்டா மிச்சம் எத்தன?"

"கழிக்க முடியாது. நேத்து போட்டது இன்னிக்குச் சீட்டுக்குத் தெரியாது. தெனமும் மொதல்லேர்ந்துதான்."

"இதென்னாடா அநியாயம்!"

அநியாயம்தான். எனக்கும் அப்போது அப்படித்தான் பட்டது. அந்த அநியாயத்தோடு கொஞ்சம் உட்கார்ந்து, போனை எடுத்து மறுபக்கத்திலிருந்து பெருக்கினேன். ஒரு நாள் தோற்பது சுலபம். இரண்டு மாதம் விடாமல் தோற்றுக்கொண்டே இருப்பது அவ்வளவு சுலபமில்லை. அதற்குள் ஒருமுறை கடந்துவிடப் பாதிக்கு மேலேயே வாய்ப்பு. ஒரு வருஷம் தினமும் போட்டால்? எண் ஏறிக்கொண்டே போய் நூறின் வாசலில் நின்றது. தொண்ணூற்றொன்பதுக்கும் மேல்.

"அக்கா, ஒரு வருஷத்துக்குள்ள எப்படியும் வந்துடும்."

"எப்படியும்னா?"

"ஏறக்குறைய கண்டிப்பா."

"கண்டிப்பாவா, ஏறக்குறையவா?"

"நூத்துக்குத் தொண்ணூத்தொம்போதுக்கு மேல."

"எங்க கடையில காய்ச்சல் மாத்திரைகூட அவ்ளோ கேக்காது" என்று எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் மாடிக்கு ஏறினேன். பாதிப் படியில் அவள் குரல் கேட்டது. போனில்.

"ஆங், நான்தான்... இல்ல, இன்னும் வரல. வரும்... அட, கேளுங்க. தம்பி கணக்கு போட்டுட்டான். ஒரு வருஷத்துக்குள்ள வந்தே தீருமாம்... அதத்தான் சொல்றேன். எப்படியும் வரப்போறதுக்கு எதுக்கு நான் காலங்காத்தால ஒக்காந்து போட்டுக்கினு இருக்கணும்?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கணக்கு அப்படியில்லை. தினமும் போட்டால்தான் வரும். நிறுத்திவிட்டால் தொண்ணூற்றொன்பது அந்த இடத்திலேயே சுழியமாகிவிடும். இதைச் சொல்ல நாலு படி இறங்கினேன். அக்கா போனைக் காதில் வைத்தபடியே என்னைப் பார்த்தாள். என் வாய் திறப்பதைப் பார்த்ததும், ஈ ஓட்டுவது போல ஒரு கையை வீசினாள்.

"ஒண்ணுமில்ல, தம்பிதான் நிக்கறான்" என்றாள் போனில். "ஞாயித்துக்கெழம சர்ச்சுல பூசை முடிஞ்சி வாங்க. மகளுக்கும் சொல்லிடுங்க, சென்னைக்கு வரலன்னு."