மீசையில் தொங்கிய பொய்த்தேள்

வெடிக்காரரைத் தெரியாதவர் இந்த வட்டாரத்தில் கிடையாது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். சுண்ணாம்புக்கல் குவாரியில் கல் சுமந்து, துளை போட்டு, கடைசியில் வெடிமருந்துப் பொறுப்பையே கைக்குக் கொண்டுவந்தவர். அவர் குறிவைத்த பாறை மறுபடி நிமிர்ந்து நின்றதாகச் சரித்திரமே இல்லை. மீசையும் ஆளுக்கேற்ற மீசைதான்.

அப்பேர்ப்பட்டவர் ஒரு பூச்சிக்கு மண்டியிட்டார்.

போன வெடியில் பாறை பிளந்து ஒரு குகை வாய் திறந்தது. பூச்சி ஆராய்ச்சி செய்யும் மருமகள் உள்ளே போய், செத்துப்போன பொய்த்தேள் என்னும் குட்டிப் பூச்சி ஒன்றின் ஓட்டோடு வந்தாள். யாருமே பார்த்திராத இனமாம். உயிரோடு ஒன்றைக் காட்டினால் குகையை விட்டுவிடுவதாக முதலாளி சொன்னார். இல்லையென்றால் மறுநாள் காலை வெடி. வைக்கப்போவது மாமனார்.

"எள்ளத்தனை பூச்சிக்கு இத்தனை கூத்தா!" என்று முனகிக்கொண்டே துணைக்குப் போனார்.

குகையின் கடைசி மூலையில் மருமகள் கிசுகிசுத்தாள். "மாமா, அந்த இடுக்குல பாருங்க. உயிரோட இருக்கு."

மண்டியிட்டு, மூக்கு உரச எட்டிப் பார்த்தார். ஒரே தூசி. வெடிக்குழியை ஊதிச் சுத்தம் செய்தே பழகிய வாய், 'ஃபூ' என்று ஊதிவிட்டது. இடுக்கில் மோதிய காற்று அவர் முகத்திலேயே திரும்பி அறைந்தது. பூச்சியைக் காணோம்.

"ஐயோ, ஊதிட்டீங்களா!"

"குழியக் கண்டா வாய் தானா ஊதுதும்மா."

"நல்லா ஊதினீங்க போங்க! காலையில வெடிய வெச்சு மிச்சத்தையும் முடிச்சிருங்க."

தரையெல்லாம் தடவித் தேடினார்கள். இல்லை. இன்னும் திட்டுவதற்காக விளக்கை அவர் முகத்துக்குத் திருப்பியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"மாமா, பேசாதீங்க. மூச்சுகூட விடாதீங்க. உங்க மீசையில தொங்குது."

கைப்பேசியில் படமெடுத்து, பெரிதாக்கிக் காட்டினாள். கண் இல்லை. தேளின் வாலும் இல்லை. தேன் நிறக் கண்ணாடி போல உடம்பு, அதைவிட நீளமாய் இரண்டு இடுக்கிகள். அவற்றால் ஒரே ஒரு நரைமுடியைப் பிடித்துக்கொண்டு ஆடாமல் தொங்கியது. சூரியன் என்று ஒன்று இருப்பதே தெரியாத வம்சம். தலைக்குமேல் அவர் வைத்த வெடிகள் அத்தனைக்கும் இடம் பெயராத குடும்பம்.

மலைகளைத் தூளாக்கியவர் மூச்சை அடக்கி, கண் கலங்க நின்றார். மருமகள் அதைத் தூரிகையால் மெல்ல எடுத்துக் குப்பியில் விட்டாள்.

முதலாளியிடம் குப்பியைக் கொடுத்தவரும் அவரே.

"என் வெடிக்கும் அசரல, ஊதலுக்கும் அசரல. ஒரே ஆளு இதுதான். இது வீட்ட நான் உடைக்க மாட்டேன்."

குகை தப்பியது. பூச்சி தொங்கிய பக்கத்து மீசையை மட்டும் அவர் இப்போதும் பார்த்துத்தான் முறுக்குகிறார்.