சிலந்தி நூலும் ஒரு கட்டைவிரலும்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் அவரை எல்லோரும் நூல்காரர் என்றுதான் கூப்பிடுவோம். நாற்பது பெரிய சிலந்திகளுக்குத் தீனி போட்டு, அவற்றிடமிருந்து நூல் இழுப்பது அவர் வேலை. சிலந்தியைப் பஞ்சு மெத்தையில் மல்லாத்தி, கால்கள்மேல் மெல்லிய துணி போட்டுக் குண்டூசியால் அடக்கி, வயிற்று நுனியிலிருந்து வரும் இழையைச் சின்ன மோட்டார் ராட்டையில் சுற்றுவார். மூச்சுவிடக்கூட யோசிப்பார். "வீட்ல அக்காகிட்டயும் இவ்வளவு பதவிசா இருப்பீங்களா?" என்று கேலி செய்வேன். நான் எலிகளைப் பார்த்துக்கொள்பவன். எலிகள் பதில் பேசாது என்பதால் எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

பிறகு அந்தக் கேலியை நிறுத்திக்கொண்டேன். அவர் மனைவி அழகு நிலையத்தில் முடி வெட்டுபவர். கண்ணாடிக் கதவு உடைந்து வலது மணிக்கட்டில் இறங்கியதில் நரம்பு அறுந்துபோனது. காலிலிருந்து நரம்பு எடுத்து ஒட்டிப் பார்த்தார்கள், பிடிக்கவில்லை. கட்டைவிரல் மரத்தது மரத்ததுதான். கத்தரிக்கோலுக்குள் விரல் நுழைந்ததே தெரியவில்லை என்று அழுதாராம். ஒன்றரை வருடத்துக்குள் நரம்பு வளர்ந்து வராவிட்டால் தசை சூம்பிவிடும், அப்புறம் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

நாங்கள் செய்துகொண்டிருந்ததோ அதே காரியம். அறுந்த நரம்பின் இரண்டு முனைகளுக்கும் நடுவே சிலந்தி நூலை வைத்தால், அதைப் பற்றிக்கொண்டு நரம்பு வளர்கிறதா என்று எலிக்காலில் சோதனை. வளர்ந்தது. இன்னும் ஒரே ஒரு வரிசை எலிகள் தேறினால் அடுத்து மனிதர்கள்தான். பட்டியலில் அவர் மனைவியைச் சேர்ப்பதாக ஆராய்ச்சித் தலைவி வாக்குக் கொடுத்திருந்தார்.

"கொஞ்சம் சீக்கிரம் முடிக்க முடியாதா, மேடம்?" என்று நூல்காரர் கேட்டார்.

"நூல் கிடைக்கிறதைப் பொறுத்துதாங்க எல்லாம்."

அந்தம்மா இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

ஒரு தடவை நூல் எடுத்த சிலந்தியை மூன்று நாள் சும்மா விட வேண்டும். எங்களுக்கெல்லாம் அதைச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். அந்த மாதம் தினமும் இழுத்தார். ராட்டை நிறைய நிறைய அவர் முகமும் தெளிந்தது. நூல் இளைத்திருந்தது யார் கண்ணுக்கும் தெரியவில்லை. எலியின் காலுக்குள் போனபிறகுதான் இற்றது. அத்தனை எலிகளும் வீண். முதலிலிருந்து தொடங்க ஆறு மாதமாகும். அக்காவின் கைக்கு மிச்சமிருந்தது நாலு மாதம்.

"நான்தாங்க பண்ணேன்," என்று அவரே போய்ச் சொன்னார். தலைவி திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காரச் சொன்னார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

"வீட்டுக்கு வாங்க, அவகிட்டத் தனியாச் சொல்ல முடியல," என்று நூல்காரர் என்னைக் கூப்பிட்டார். போனேன். அக்கா மரத்த விரலை ரப்பர் வளையத்தால் கத்தரிக்கோலோடு சேர்த்துக் கட்டி, பழைய துணி ஒன்றை வெட்டிப் பழகிக்கொண்டிருந்தார். நூல்காரர் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டார்.

"நீங்களாவது இவருக்குச் சொல்லுங்க தம்பி. ஒரு மாசமா சரியாத் தூங்குறதில்ல. எனக்காக அவசரப்பட்டு அந்தச் சிலந்திங்களைப் போட்டுப் படுத்திடப் போறாரு. நிதானமாவே செய்யட்டும், நான் காத்திருக்கேன்."

"சரி," என்றார் அவர். நானும் தலையாட்டினேன்.