அட்டையில் வரைந்த கீபோர்ட்: வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு ஒரு காலைப் பயணம்

கொட்டாஞ்சேனையில் ஒரு பெண்கள் பாடசாலை பன்னிரண்டு கம்ப்யூட்டர்களைப் பூட்டி வைத்துவிட்டு, மாணவிகளை அட்டையில் டைப் செய்யப் பழக்குகிறது. இன்று காலை போய் என் கண்ணால் பார்த்தேன். பாடசாலையின் பெயரை எழுதவில்லை. எழுதினால் என் சிநேகிதியின் வேலை போகும்.

அந்தச் சிநேகிதி ரஞ்சினி அங்கே கம்ப்யூட்டர் பாடம் எடுக்கிறாள். அவளுடைய மாணவி ஜெசிந்தாவுக்கு நாளை காலை ஒன்பது மணிக்குப் புறக்கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியில் டெஸ்ட். தமிழ் டைப்பிஸ்ட் வேலை. பத்து நிமிடத்தில் ஒரு கடிதம் அடித்துக் காட்ட வேண்டும். பத்தொன்பது வயதுக்காரி, வீட்டில் உழைக்கக்கூடிய ஆள் இனி அவள் ஒருத்திதான். உண்மையான கீபோர்ட்டை ஒருநாளும் தொட்டதில்லை. “ஒஃபீஸ் லப்டொப்பை ஒரு காலைக்கு இரந்தெண்டாலும் எடுத்துக்கொண்டு வாடி” என்று ரஞ்சினி நேற்று ஃபோன் பண்ணினாள். பதினொன்றரைக்குத் திருப்பித் தருவதாகச் சொல்லி வாங்கினேன்.

வெள்ளவத்தையில் 7.20 ரயில். கோட்டைக்கு எட்டுக் கிலோமீற்றர், மூன்றாம் வகுப்பு பத்து ரூபாய். பஸ்ஸிலும் போகலாம், ஆனால் குண்டுகள் வெடிக்கத் தொடங்கிய பிறகு பஸ்ஸில் பெரிய பையுடன் ஏறினால் எல்லோரும் பையைத்தான் பார்க்கிறார்கள். ரயிலில் கடலைப் பார்க்கிறார்கள். வலப்பக்கம் இருக்காதீர்கள், இடப்பக்கக் கதவருகே நில்லுங்கள். இன்று கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறம், நடுவில் கோடே இல்லை. பம்பலப்பிட்டி தாண்டியதும் தண்டவாளமே தண்ணீரில் கரைந்து, ரயில் எந்தச் சத்தமும் இல்லாமல் மிதப்பதுபோல் இருந்தது. தோளில் லப்டொப்பின் கனம் மட்டும் உண்மை. பதினைந்து நிமிடம் நான் எந்த நாட்டிலும் இருக்கவில்லை.

கோட்டையில் இறங்கியதும் நாடு திரும்பி வந்தது. வாசலில் சோதனை. அடையாள அட்டை, தமிழர்கள் கையில் வைத்திருக்க வேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டு, பிறகு பை. லப்டொப்பைத் திறக்கச் சொன்ன பொலிஸ்காரி திரையில் தமிழைக் கண்டதும் மேலதிகாரியைக் கூப்பிட்டாள். பிள்ளைகளுக்குப் படிப்பிக்க என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் நாலு தடவை சொன்னேன். என்னிடம் இருந்தது டைப் பழகும் ஒரு விளையாட்டு: எழுத்துகள் மேலிருந்து மெதுவாக விழும், தரையைத் தொடுமுன் அந்த எழுத்தை அடிக்க வேண்டும். அவர்களுக்கு அதை ஓட்டிக் காட்டினேன். துவக்கோடு நின்ற இரண்டு பேர் ‘அ’வும் ‘ப’வும் விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஐம்பது நிமிடம் போனது. கொட்டாஞ்சேனைக்கு மூன்று கிலோமீற்றர்தான், பஸ்ஸுக்கு ஆறு ரூபாய். பாதி வீதிகள் அடைப்பு என்பதால் முப்பது நிமிடம்.

பாடசாலைக்குப் போகும்போது 9.10. அதிபர் சிஸ்டர் என்னை அன்பாக வரவேற்று, முதலில் கம்ப்யூட்டர் லேபைக் காட்டினார். இடுப்புக் கயிற்றில் ஜெபமாலையோடு தொங்கிய சாவியால் அவரே திறந்தார்.

“செருப்பைக் கழட்டிட்டு வாங்க மிஸ்.”

பன்னிரண்டுக்கும் வெள்ளைத் துணி உறை. தையல் வகுப்பில் தைத்தது, ஒவ்வொரு மூலையிலும் ஒரு நீல ரோஜா. ஜன்னல் வெளிச்சத்தில் அவை முக்காடு போட்டுக்கொண்டு நித்திரை கொள்வதுபோல் இருந்தன. தூசி படாமல் தினமும் தானே துடைப்பதாகச் சிஸ்டர் சொன்னார். நன்கொடை கொடுத்தவர்கள் வருடத்துக்கு ஒருமுறை வரும்போது உறையைக் கழற்றிப் பிள்ளைகளை முன்னால் இருத்திப் படம் எடுப்பார்களாம். மற்ற நாளில் பிள்ளைகள் தொட்டுப் பழுதானால் திருத்த யார் வருவார்கள்? யுத்தம் முடியட்டும், ஆள் வருவார்கள் என்றார். இந்த ஊரில் எல்லாவற்றையும் யுத்தம் முடியும்வரை உறை போட்டு வைத்திருக்கிறோம். பிள்ளைகளுக்கு மட்டும் வயது போய்க்கொண்டிருக்கிறது.

வகுப்பறைக்குள் நுழைந்தபோது மழை பெய்கிறது என்று நினைத்தேன். இருபத்தெட்டுப் பேர் அட்டைகளில் டைப் செய்யும் சத்தம் அது. பிஸ்கட் பெட்டி அட்டை, போல்பொயின்ட் பேனாவால் வரைந்த கட்டங்கள். கண்ணை மூடிக்கொண்டு அடிக்கிறார்கள். யாருக்கும் திரை இல்லை, யாரும் பிழை விடுவதும் இல்லை. என்ன அடித்தாய் என்று ஒருத்தியைக் கேட்டேன். “லீவு லெட்டர் மிஸ். போன கிழமையில இருந்து அதைத்தான் அடிக்கிறேன், இன்னும் லீவு கிடைக்கல” என்றாள். வகுப்பே சிரித்தது.

லப்டொப்பை வைத்தபோது 9.25. பத்து மணிக்கு நான் வெளிக்கிட வேண்டும். ஆளுக்கு ஒரு நிமிடம் என்று ரஞ்சினி கணக்குப் போட, பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: “எங்கட நிமிஷத்தையும் அவளுக்கே குடுங்க மிஸ். வேலை கிடைச்சா முதல் சம்பளத்துல எல்லாருக்கும் ஐஸ்கிறீம்.” ஜெசிந்தா சிரிக்கவில்லை.

அவளுடைய விரல்கள் சரியான இடத்தில் போய் இருந்தன. ‘மதிப்புக்குரிய’ என்று தொடங்கினாள். திரையில் மமமமமமமமம என்று ஒரு வரி முழுக்க ஓடியது. அட்டையில் விரலை அழுத்தி ஊன்றி, அடுத்த எழுத்தை யோசிக்கும்வரை அங்கேயே வைத்திருப்பது அவர்களுடைய பழக்கம். அட்டை ஒன்றும் சொல்லாது. உண்மையான கீபோர்ட் எழுத்தைக் கொட்டிக்கொண்டே இருக்கும். அவள் திரையைப் பார்க்கவும் இல்லை. பார்க்க ஏதாவது இருக்கும் என்று அவளுக்குப் பழக்கமில்லை. நான் சொன்ன பிறகு நிமிர்ந்தவள் கையை இழுத்துக்கொண்டாள்.

“இவ்வளவும் நானா அடிச்சேன் மிஸ்?”

எழுத்துகள் விழும் அந்த விளையாட்டைப் போட்டுவிட்டேன். தொட்டதும் விரலை எடு, தொட்டதும் எடு. கடைசி ஐந்து நிமிடத்தில் ஒரு முழு வரி பிழையில்லாமல் வந்தது. பிறகு திரும்பவும் மமமம. இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்திருந்தால் போதும்.

நெட் கஃபேக்குப் போகலாமே என்பீர்கள். பக்கத்தில் இரண்டு இடத்தில் கேட்டேன். தமிழ் எழுத்துரு இல்லை. போடவும் விடமாட்டார்களாம், சோதனைக்கு வருபவர்கள் தமிழைக் கண்டால் பதில் சொல்ல முடியாதாம். அதற்கு முன்பே, பத்து மணிக்கு, நான் அதிபரின் அறைக்குப் போயிருந்தேன். ஜெசிந்தா அட்டையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பின்னால் நின்றாள்.

“சிஸ்டர், பன்னிரண்டு தேவையில்ல. ஒண்டு காணும். பின்னேரம் வரைக்கும் அவளை இருக்க விடுங்கோ.”

சிஸ்டர் என்னைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார். “நல்லா ஜெபம் பண்ணு மகள்” என்றார். சாவி கயிற்றிலேயே இருந்தது.

போக நினைப்பவர்களுக்கு: போய்வர முப்பத்திரண்டு ரூபாய். பதிவுத் துண்டின் பிரதியும் பாடசாலைக் கடிதமும் கையில் இருக்கட்டும். சோதனைக்கு ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கள். லப்டொப் நல்லது, ஆனால் லப்டொப்போடு வருகிற நல்ல மனிதர்கள் பத்து மணிக்குத் திரும்பிப் போய்விடுவோம். பிள்ளைகளுக்குத் தேவை அங்கேயே இருக்கிற இயந்திரம்.

வேலை போனாலும் போகட்டும் என்று, இந்தப் பதிவை ரஞ்சினி அச்செடுத்து உங்கள் மேசையில் வைப்பதாகச் சொல்லியிருக்கிறாள், சிஸ்டர். நாளை காலை ஏழரைக்கு ஜெசிந்தா லேப் வாசலில், செருப்பைக் கழற்றிவிட்டு, நிற்பாள். அங்கிருந்து புறக்கோட்டைக்கு அரை மணித்தியாலம். அவளுக்கு ஒரு மணித்தியாலம் மிஞ்சும். சாவியைத் தாருங்கள்.