வெள்ளிக்கிழமைக் கத்தி

என் மனைவி இன்ஷிராஹ் அலெக்சாந்திரியா டிராமில் இருபத்தாறு வருஷமாக டிக்கெட் கொடுத்தவள். காசு கொடுக்காமல் நழுவியவன் மூன்று மாதம் கழித்து ஏறினாலும் விடமாட்டாள். "அன்னிக்கு டிமிக்கி கொடுத்தியே ராசா, இன்னிக்கு ரெண்டா எடு" என்பாள். அப்பேர்ப்பட்ட தலைக்குள்தான் ஏழு புள்ளிகள் என்றார் டாக்டர் ஷாஹினாஸ். மார்பில் வந்த புற்று மூளைக்குப் பரவிவிட்டதாம்.

எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. மார்பைத்தான் அறுத்து எடுத்தாயிற்றே, மூளைக்கு எந்த வழியாகப் போனது?

"காமா கத்தியால பண்ணுவோம். ஆனா வெட்ட மாட்டோம்" என்றார் டாக்டர்.

"வெட்டாத கத்தி எதுக்கு டாக்டர்?"

"பேருதான் கத்தி. மெல்லிசான கதிர்கள் பல பக்கத்துலேர்ந்து வந்து புள்ளியில மட்டும் குவியும். மத்த இடம் தப்பிச்சிடும். புள்ளிங்க ரொம்பப் பெருகிட்டா முழுத் தலைக்கும் கதிர் கொடுக்கணும். அப்ப ஞாபகம் மங்கலாம். தாமதிக்காதீங்க."

ஞாபகம் மங்கலாம் என்றது மட்டும் நன்றாகப் புரிந்தது. ஞாபகம் போனால் இன்ஷிராஹில் மிச்சம் என்ன இருக்கும்?

ஒரு திங்கட்கிழமை, வேன் ஓட்டிக்கொண்டிருந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டேன்; இன்ஷிராஹ் பக்கத்து சீட்டில் இருந்தாள். பின்னால் பயணிகளின் கூச்சல். என் காதில் விழுந்தது மூன்றே சொல்: கத்தி, கும்ஆ, எட்டு மணி. வெள்ளிக்கிழமையை நாங்கள் கும்ஆ என்போம். சரி என்று வைத்துவிட்டேன்.

"யோவ், அந்தப் பொண்ணு நாளன்னிக்குன்னு சொன்னா."

"நீ சும்மா இரு. காலையில டீ கிளாஸைச் செருப்புன்னவதானே நீ?"

வாயை மூடிக்கொண்டாள். நான் சொல்லி அவள் வாயை மூடியது அதுதான் முதல் தடவை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்குப் போனால் கேட்டில் பூட்டு. காவலாளி ரொட்டியும் அவித்த மொச்சையும் தின்றுகொண்டிருந்தான்.

"வெள்ளிக்கிழமை லீவுல எந்த டாக்டர் வருவாரு ஹாஜி?"

"கும்ஆ கத்திக்கு வரச் சொன்னாங்கப்பா!"

"கும்ஆ கத்தியா?" அவனுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. "கும்ஆங்கிறவரு ரெண்டு தெரு தள்ளி ஆட்டுக்கறி விக்கிறாரு. இது காமா கத்தி! புதன்கிழமை ஒரு பேரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தாங்களே, அது நீங்கதானா?"

இன்ஷிராஹ் சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை. ஒரு வசை விட்டிருந்தால்கூட நான் பிழைத்திருப்பேன்.

அடுத்த தேதி பதினெட்டு நாள் தள்ளித்தான் கிடைத்தது. மறுபடி எடுத்த ஸ்கேனில் ஒன்பது புள்ளிகள்.

"அந்த ரெண்டும் என்னால வந்ததா டாக்டர்?"

"முன்னாடியே கண்ணுக்குத் தெரியாம இருந்திருக்கலாம். சொல்ல முடியாது. எல்லாம் சின்னதுதான், ஒன்பதையும் இன்னிக்கே முடிச்சிடலாம்."

சந்தோஷப்படுவதா அழுவதா? தலையில் சட்டம் வைத்து நான்கு திருகாணி முடுக்கி, மூன்று மணி நேரம் உள்ளே வைத்திருந்தார்கள். நடந்தே வெளியே வந்தாள். நான் மடையன், வெட்டுக்காயம் எங்கே என்று அவள் தலையைத் தடவித் தேடினேன். ஒன்றுமில்லை, நெற்றியில் இரண்டும் பின்னால் இரண்டுமாகப் பிளாஸ்திரிதான். பலன் என்னவென்று தெரிய இரண்டு மாதம் ஆகுமாம்.

வேனில் ஏறி உட்கார்ந்ததும் கேட்டாள்: "புதன்கிழமையே வந்திருந்தா ஏழோட போயிருக்குமா?"

"தெரியலடி. சத்தியமா தெரியல."

"எனக்கும் தெரியல. இனிமே நான் சொல்றது தப்பாவே இருக்கட்டும், ஒரு தடவை காது கொடுத்துக் கேளுய்யா. இன்னும் நான்தான் இருக்கேன் இந்தத் தலைக்குள்ள."

சாவியைத் திருகக் கை வரவில்லை. அப்படியே உட்கார்ந்து அழுதேன்.