மதிலுக்கு அப்பால் பதினாலு ஜன்னல்

‘ஹலால் ஃப்ரெண்ட்லி ஃபேமிலி ஹாலிடே’ என்று எங்கள் டிராவல்ஸ் போர்டில் எழுத வைத்தவர் முதலாளி. எழுதிய அன்றே, அதற்கு என்ன பொருள் என்று அவரிடம் கேட்டேன். “பன்னிக்கறி இருக்காது அண்ணாச்சி, அம்புட்டுதான்” என்றார். அன்று ஆரம்பித்த கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் படிக்கட்டும் என்று இதை எழுதுகிறேன். என் தவறும் இதில் இருக்கிறது. அதையும் மறைக்கப் போவதில்லை.

எனக்கு வயது எழுபத்தொன்று. வீடு ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகம். மில்லில் டைம் ஆபீசில் இருபத்தாறு வருடம் இருந்தேன். ஆளை எண்ணுவதும் நிமிடத்தை எண்ணுவதும்தான் வேலை. ரிட்டயர் ஆன பிறகு ராஜபாளையத்தில் இந்த டிராவல்ஸில் பதினோரு வருடம் இட்டினரரி போட்டேன். இட்டினரரி என்றால் எந்த நாள், எந்த மணி, எங்கே, எதில் என்று பயணம் முழுவதையும் எழுதிக் கொடுக்கும் தாள். நான் போட்ட தாளில் காலை டிபனுக்கு எத்தனை நிமிடம் என்பது வரை இருக்கும். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். என் தாளை நம்பிப் போன யாரும் பிளைட்டைத் தவறவிட்டதில்லை.

1. நாற்பத்தொரு கேள்வி

ஹமீது பாய் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணித் தறி வைத்திருப்பவர். மனைவி நூர்ஜஹான், மகள் ஆயிஷா, மகன், மருமகள், மூன்று வயதுப் பேரன், அவரையும் சேர்த்து ஆறு பேர். பாலிக்குப் போக வேண்டும். மகனுக்கு அலையில் பலகை போட்டு நிற்கிற அந்த சர்ஃபிங் ஆசை. சர்ஃப் அடிக்கிற தென்கரையிலேயே தங்கவேண்டும், ஐந்து ராத்திரி.

முதலாளி கேரளா ஹவுஸ்போட் பேக்கேஜை எடுத்து, ஊர் பெயரை மாற்றி, சாப்பாட்டுக் கட்டத்தில் ‘வெஜ்’ என்று போட்டு என்னிடம் நீட்டினார். வெஜ் போட்டால் ஹலால் பிரச்சினையே வராதாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் தாளை அவர் மேஜையிலேயே திரும்ப வைத்தேன். ராவுத்தர் குடும்பம் பிரியாணியை விட்டுவிட்டு ஐந்து நாள் சாம்பார் தேடி விமானம் ஏறுமா? தவிர, அங்கே காய்கறியைக்கூடப் பன்றிக் கொழுப்பில் வதக்கும் கடைகள் உண்டு. வதக்கிய சட்டியிலேயே அடுத்ததை வதக்குவான். சாஸில் ஒயின் ஊற்றுவான். இதையெல்லாம் கேட்டுத்தான் எழுத வேண்டும்.

நான் கேட்டேன். நாற்பத்தொரு கேள்வி கொண்ட ஒரு ஃபாரம் தயாரித்து, ஹமீது பாயை எதிரில் உட்கார வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினேன். விமானத்தில் முஸ்லிம் சாப்பாட்டுக்கு உள்ள எம்.ஓ.எம்.எல். கோடு ஆறு டிக்கெட்டிலும் ஏறியதா என்று இரண்டு முறை சரிபார்த்தேன். வில்லாவில் சமைப்பவர் ஜாவாவிலிருந்து வந்த முஸ்லிம் அம்மா. அவர் சமையலறைக்குத் தனிச் சட்டி, தனிக் கத்தி. தொழும் திசையான கிப்லா எந்தப் பக்கம், வெள்ளிக்கிழமை ஜும்மா தொழ மசூதி எத்தனை கிலோமீட்டர், சிங்கப்பூரில் விமானம் மாறும்போது தொழ இடம் எந்த டெர்மினலில், எல்லாம் எழுதினேன். ஒன்பது பக்கம் வந்தது.

ஹமீது பாய் புரட்டிப் பார்த்துவிட்டு, “எங்க நிக்காஹ்வுக்குக்கூட இம்புட்டு எழுதலயே சார்” என்று சிரித்தார். பிறகு போன் வந்து வெளியே போனார்.

நூர்ஜஹான் அம்மாவும் ஆயிஷாவோடு கூட வந்திருந்தார். மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கணவர் வெளியே போனதும் நாற்காலியை முன்னால் இழுத்தார்.

“அண்ணே, எனக்கு ஒன்னே ஒன்னு. ஆம்பளை கண்ணு படாத தண்ணி வேணும். வன்னியம்பட்டி கிணத்துல பன்னெண்டு வயசு வரைக்கும் நீந்துனேன். அதுக்குப் பொறவு வாளித் தண்ணிதான். முப்பத்தாறு வருசம் ஆச்சு.”

குளம் உள்ள வில்லாவாகப் பார்க்கிறேன், கவலைப்படாதீர்கள் என்றேன்.

ஆயிஷா கேலியாகச் சொன்னாள்: “அம்மாக்கு நீச்சல் மறந்திருக்கும் சார். டியூப் ஒன்னு சேத்து எழுதுங்க.”

“ஏட்டி, மறக்குதா மறக்கலையான்னு அங்க வந்து பாரு” என்றார் அந்த அம்மா.

2. எட்டடி இரண்டு அங்குலம்

இனி நான் செய்த காரியம். சென்னை ஏஜெண்ட் அனுப்பிய வில்லா போட்டோவில் குளத்தைச் சுற்றிச் செங்கல் மதில் இருந்தது. கம்ப்யூட்டரில் பெரிதாக்கி வரிசைகளை எண்ணினேன். இருபத்தெட்டு வரிசை. சாந்தோடு சேர்த்து வரிசைக்கு மூன்றரை அங்குலம் என்றால் எட்டடி இரண்டு அங்குலம். எந்த ஆளும் எட்டிப் பார்க்க முடியாது. ‘குளம்: முழு மறைப்பு, சரிபார்க்கப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அன்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. இன்று நினைத்தால் அந்தக் கையையே உதற வேண்டும் போல இருக்கிறது.

திங்கட்கிழமை போய்ச் சேர்ந்தார்கள். செவ்வாய் காலை, நமக்கு ஒன்பது பத்து, அவர்களுக்கு பதினொன்று நாற்பது, ஆயிஷா வீடியோ காலில் வந்தாள். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

“எண்ணுறதுல பெரிய ஆளாச்சே நீங்க. இதையும் எண்ணுங்க சார்” என்று போனை மதிலுக்கு மேலே தூக்கிக் காட்டினாள்.

மதிலை ஒட்டி ஒரு புது ஓட்டல். மூன்று மாடி. குளத்தைப் பார்த்தபடி பதினாலு ஜன்னல், நாலு பால்கனி. ஒரு பால்கனியில் இரண்டு வெள்ளைக்காரப் பையன்கள் சட்டை இல்லாமல் நின்று கையாட்டினார்கள். பக்கவாட்டில் சாரம் கட்டிப் பூச்சு வேலை நடந்துகொண்டிருந்தது.

போனைக் கீழே திருப்பினாள். நூர்ஜஹான் அம்மா முழு உடையோடு குளத்தங்கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தண்ணீருக்கும் அவர் காலுக்கும் ஒரு முழம்கூட இல்லை. அவர் போனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

3. இரண்டு நாள் கத்தினேன்

சென்னை ஏஜெண்டுக்குப் போன் அடித்தேன். போட்டோ எடுத்தபோது ஓட்டல் இல்லை, இப்போது இருக்கிறது, அதற்கு நான் என்ன செய்ய என்றான். போட்டோ எப்போது எடுத்தது என்று கேட்டால் பேச்சை மாற்றினான். வேறு வில்லா கேட்டேன். சீசன், எல்லாம் ஃபுல் என்றான். செவ்வாயும் புதனும் சேர்த்து இருபத்து மூன்று முறை அடித்தேன். ஒன்பது முறை எடுத்தான்.

முதலாளியிடம் போனேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் நாளைக்கு உங்கள் முதலாளியும் இதையே சொல்வார். “ஹலால் சாப்பாடு கொடுத்தாச்சு, ஏசி ரூம் கொடுத்தாச்சு. வேணும்னா அவிய பர்தாவோட எறங்கட்டும். ஒரு அம்மா குளிக்கலேன்னு ஊரைக் கூட்டுதீயளே அண்ணாச்சி.”

பதினோரு வருடத்தில் அந்த ஆபீசில் நான் குரலை உயர்த்தியதில்லை. அன்று உயர்த்தினேன். அந்த அம்மா இந்த ஆபீசில் கேட்டது ஒன்றே ஒன்று, மற்றதெல்லாம் மற்றவர்கள் கேட்டது, அந்த ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் நாம் கொடுத்திருக்கிறோம் என்றேன். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். முதலாளி ஏசியைக் கூட்டி வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

ஹமீது பாய் ராத்திரி பேசினார். கோபப்படுவார் என்று நினைத்தேன். விளையாட்டாகத்தான் பேசினார். “தறியில இருந்து நாலு சுருள் துணி கொண்டாந்திருந்தா நானே மறைச்சுக் கட்டியிருப்பேன் சார். ஆனா நம்ம பேண்டேஜ் துணி வழியா மதுரை வரைக்கும் தெரியுமே.” அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறைச்சுக் கட்டுவது என்ற பேச்சு மட்டும் மனதில் நின்றது.

வியாழன் காலையில் ராஜபாளையம் பஸ் ஏறவில்லை. எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிற பந்தல்காரர் மாடசாமி வீட்டுக்குப் போனேன். குளம் இருபத்தாறு அடி நீளம், பதிமூன்று அடி அகலம். தரையில் டைல்ஸ், குழி தோண்டக்கூடாது. மேலே முழுக்க மூட வேண்டும், ஓட்டல் பக்கம் தரைவரை மறைக்க வேண்டும் என்று விவரம் சொன்னேன். இதெல்லாம் ஒரு பிரச்சினையா என்பது போலப் பார்த்தார். பெயிண்ட் டப்பாவில் மண் போட்டு மூங்கிலை நிறுத்தச் சொன்னார். எங்கே என்று கேட்டார். பாலித் தீவில் என்றேன். “வண்டி வாடகை யார் கொடுப்பா?” என்று கேட்டார்.

வில்லாவைப் பார்த்துக்கொள்பவர் பெயர் வயான். அவர் இங்கிலீஷும் என் இங்கிலீஷும் ஒரே தரம். மாடசாமிக்கு இங்கிலீஷே கிடையாது. வீடியோ காலில் மாடசாமி இரண்டு விளக்குமாற்றுக் கம்பை வைத்து முடிச்சுப் போட்டுக் காட்டினார். வயான் அங்கே கயிற்றை எடுத்து வேறு மாதிரி ஒரு முடிச்சுப் போட்டு இழுத்துக் காட்டினார். மாடசாமி போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். “அந்தாளு தொழில்காரன்யா. அவன் போக்குல விடும்” என்று எழுந்து போய்விட்டார்.

அன்று மாலைக்குள் வயான் வில்லா ஓனரிடம் பேசிச் சம்மதம் வாங்கினார். கரையில் சர்ஃப் பலகை வாடகைக்கு விடுகிறவர்களிடம் ஆறு தார்ப்பாய் கேட்டு வாங்கினார். வெள்ளி காலை நாலு பேர் சேர்ந்து பன்னிரண்டு மூங்கிலில் பந்தல் நின்றது. ஹமீது பாயும் மகனும் ஜும்மா முடித்து வந்து, பிற்பகல் அசர் தொழுகைக்குப் பிறகு வாசலுக்கு வெளியே நாற்காலி போட்டுக் காவல் உட்கார்ந்தார்கள். அங்கே மணி நாலுக்கு அந்த அம்மா தண்ணீரில் இறங்கினார். ஐந்து நாற்பதுக்கு ஏறினார். நீச்சல் மறக்கவில்லை என்று ஆயிஷா மெசேஜ் அனுப்பினாள். சனிக்கிழமை காலை அவர்களுக்கு விமானம்.

முதலாளி பந்தல் போட்டோவைப் பார்த்துவிட்டு விளம்பரத்தில் போடலாம் என்றார். போட்டால் மறுநாள் நான் வரமாட்டேன் என்றேன். போடவில்லை.

4. அந்த அம்மா திரும்பி வந்து சொன்னது

எட்டு நாள் கழித்து நூர்ஜஹான் அம்மாவும் ஆயிஷாவும் ஆபீசுக்கு வந்தார்கள். நன்றி சொல்ல வருகிறார்கள் என்று நினைத்து எழுந்து நின்றேன். அவர் உட்காரவில்லை.

“கடைசி நாள் பந்தல் போட்டுக் கொடுத்தீய. அதை மறக்க மாட்டேன். ஆனா நாலு நாள் அவிய எல்லாரும் கடல்ல கெடந்தாவ. நான் அந்தத் தண்ணிய பாத்துக்கிட்டே இருந்தேன். போகாமலே இருந்திருந்தாக்கூட இம்புட்டு வலிச்சிருக்காது.”

செங்கல் எண்ணியதைச் சொன்னேன். எட்டடி இரண்டு அங்குலம் என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

“எங்க வீட்டு ஆம்பளைகிட்ட நாப்பத்தோரு கேள்வி கேட்டீயளே, என்கிட்ட ஒன்னு கேட்டீயளா? அந்தப் போட்டோவ என்கிட்டக் காட்டியிருந்தா, சுத்தி மாடி இருக்கான்னு பாருங்கன்னு ஒரே நிமிசத்துல சொல்லியிருப்பேன். மாடில துணி காயப்போடப் போற பொம்பளை மொதல்ல சுத்துமுத்தும் மேலதான் பாப்பா. உங்களுக்கு எப்படித் தெரியும்?”

ஏஜெண்ட் மேல், முதலாளி மேல் வைத்திருந்த கோபம் எல்லாம் திரும்பி என் பக்கம் வந்து நின்றது. கேட்க வேண்டிய ஆள் அன்று மேஜைக்கு எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் சொன்னதை வாங்கிக்கொண்டு, மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்காமல் நான் கணக்குப் போடப் போய்விட்டேன். பயணத் தாள் போடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். தாள் யார் பெயரில் இருந்தாலும் சரி, தேவை யாருடையதோ அவரிடம்தான் கேள்வி கேட்க வேண்டும். மற்றவர் சொல்லும் பதிலில் எத்தனை பக்கம் நிரப்பினாலும் அது வெறும் பக்கம்.

“அடுத்த வருசமும் போறோம்” என்றார் நூர்ஜஹான் அம்மா. “இப்பவே பேசுங்க. நான் பாக்கணும்.”

என் நாற்காலியை விட்டுக் கொடுத்தேன். அவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, வீடியோ காலில் ஒவ்வொரு வில்லாக்காரரிடமும் போனை மேலே திருப்பிச் சுற்றிக் காட்டச் சொன்னார். ஆயிஷா இங்கிலீஷில் மாற்றிச் சொன்னாள். முதல் வில்லாவில் பக்கத்து வீட்டுத் தண்ணீர் டேங்கும் அதற்கு ஏறும் ஏணியும் தெரிந்தன. வேண்டாம் என்றார். இரண்டாவதில் தென்னை மரம், காய் பறிக்க ஆள் ஏறுமா என்று கேட்டார், ஏறும் என்றார்கள், வேண்டாம். மூன்றாவதில் ஒன்றுமே இல்லை, வெறும் வானம். எனக்குச் சரியாகத்தான் தெரிந்தது. பக்கத்துக் காலி மனை யாருடையது, அதில் எப்போது கட்டப் போகிறார்கள் என்று கேட்டார். வில்லாக்காரர் யோசித்தார். அவர் வாய் திறப்பதற்குள் நூர்ஜஹான் அம்மா வேண்டாம் என்றார்.

ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. முதலாளி எட்டிப் பார்த்து, இந்த அம்மா இன்றைக்கு புக் பண்ணுவதாகத் தெரியவில்லையே என்று என் காதில் முணுமுணுத்தார்.

“பண்ண வேண்டாம், செத்த நேரம் நின்னு பாருங்க” என்றேன். “இந்த வேலையை எப்படிப் பார்க்கணும்னு அவிய நமக்குக் காட்டுதாவ.”

நூர்ஜஹான் அம்மா நாலாவது வில்லாவுக்குப் போன் அடிக்கச் சொன்னார்.