வெள்ளிக்கிழமை தைத்த கோழி

வெள்ளையம்மாள் அக்காவின் கத்தரிச் செடிகள் சித்திரை வெயிலில் வாடாமல் நின்றதற்கு நானும் ஒரு காரணம். அதை ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். இப்போது அப்படிச் சொல்ல வாய் வருவதில்லை.

பல்லடத்துக்குப் பக்கத்தில் சுப்பாத்தாள் அம்மாவின் தோட்டத்து ஓரத்தில் ஐந்து லைன் வீடுகள். முதல் வீட்டில் அக்கா, அடுத்ததில் நான், கடைசி வீட்டில் ஒடிசாவிலிருந்து வந்த பிகாஷும் அவன் மனைவியும். நடுவில் இருக்கும் இரண்டு வீட்டுக்காரர்களும் ஷிப்டு மாறி மாறி ஓடுவதால், அவர்கள் முகத்தைவிட வாசலில் கிடக்கும் செருப்புதான் எனக்குப் பழக்கம். நான் காசிமாயன், உசிலம்பட்டிப் பக்கம், ஒரு சின்ன பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அக்காவுக்குச் சொந்த ஊர் கமுதிப் பக்கம். புருஷன் செத்த வருஷம் ஒற்றைப் பையோடு திருப்பூர் பஸ் ஏறியவள், பதினெட்டு வருஷமாகச் செக்கிங் டேபிளில் நின்று பனியனில் ஓட்டை தேடுகிறாள். வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கண் ஓயாது. "காசி, ஒன் சட்டையில மூணாவது பட்டன் வேற கலரா இருக்கு, பாக்கலையா?" என்பாள். பார்த்திருக்க மாட்டேன்.

லைன் வீடுகளுக்குப் பின்னால் குளியலறைத் தண்ணீர் ஓடி வீணாகிற நிலம் கொஞ்சம் கிடந்தது. சுப்பாத்தாள் அம்மா தாமாகவே, "சும்மாதான கெடக்குதுங்க அம்மிணி, எதாச்சும் வெச்சுக்கங்க" என்று கொடுத்தார். கூடவே எட்டு நாட்டுக்கோழிகளை வாரத்துக்கு விட்டார். அதாவது வளர்ப்பது அக்கா. பொரிக்கிற குஞ்சில் பாதி அவருக்கு, பாதி இவளுக்கு. தாய்க்கோழி மட்டும் என்றைக்கும் சுப்பாத்தாள் அம்மாவுடையது. அடுத்தவர் பொருள் என்பதால் அக்கா அவற்றைத் தன் உயிரைவிட மேலாகப் பார்த்துக்கொண்டாள். சாம்பல் நிறப் பெட்டை ஒன்றுக்கு ராசாத்தி என்று பெயர் வைத்து, அதனிடம் கம்பெனி சூப்பர்வைசரைப் பற்றிப் புகார்கூடச் சொல்வாள். அது கழுத்தைச் சாய்த்துக் கேட்கும்.

இந்த வருஷம் கோடை பங்குனியிலேயே பிடித்துக்கொண்டது. ஆழ்துளைக் கிணற்றுப் போரில் மூன்று நாளைக்கு ஒரு முறை அரை மணி நேரம் தண்ணீர் வந்தால் பெரிது. அக்கா வைத்திருந்த கத்தரியும் வெண்டையும் மத்தியானமானால் தலை தொங்கின. அவளுக்கும் சேர்த்துத் தொங்கியது. ஒருநாள் என்னைக் கேட்டாள். "காசி, ஒங்க கம்பெனியில கூட்டித் தள்ளுற வேஸ்ட்டு இருக்குல்ல, அது தண்ணியப் புடிச்சு வச்சிக்கிரும்ல?"

பெரிய துணி வேஸ்ட்டை வியாபாரி எடுத்துப் போய்விடுவார். ஓவர்லாக் மிஷின் வெட்டித் தள்ளும் ஓரமும் நூலும் தூசியும் கலந்த குப்பையை யாரும் சீந்த மாட்டார்கள். அதை நான் மூன்று சிமெண்டுச் சாக்கில் அடைத்து வண்டியில் வைத்துக் கொண்டுவந்தேன். அக்கா செடிகளின் அடியில் நான்கு விரல் கனத்துக்கு மெத்தை போல விரித்து நனைத்துவிட்டாள். காலையில் ஊற்றிய ஒரு குடம் சாயங்காலம் வரைக்கும் ஈரமாக இருந்தது. மற்ற ஊர்க்காரர்கள் வைக்கோல் போடுவார்கள், தென்னை நார் போடுவார்கள். பனியன் வேஸ்ட்டைப் போடுகிற மூளை இங்கே பிழைக்கிறவர்களுக்குத்தான் வரும் என்று நான் மார்தட்டிக்கொண்டேன். அந்த மாதம் எங்கள் கம்பெனியில் ஓடியது ஆரஞ்சுத் துணி லாட். அதனால் பாத்தி முழுக்க ஆரஞ்சு நிறமாக இருந்தது. பத்தே நாளில் வெண்டை பிஞ்சு விட்டது. அக்கா ஐந்து வீட்டுக்கும் பங்கு வைத்தாள். பிகாஷின் மனைவி அதைக் கடுகு அரைத்து ஊற்றிச் சமைத்து, ஒரு கிண்ணம் திருப்பிக் கொடுத்தாள். "கசக்குதா உறைக்குதான்னே தெரியல, ஆனா நல்லா இருக்கு" என்று அக்கா வழித்துச் சாப்பிட்டாள்.

சித்திரை இரண்டாவது வாரத்தில் கோழிகள் சாக ஆரம்பித்தன.

முதலில் ஒரு சிவப்புப் பெட்டை. இரண்டு நாள் தீனி எடுக்காமல் இறக்கையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தது, மூன்றாம் நாள் செத்துக் கிடந்தது. வெயில் தாங்கவில்லை என்றோம். அடுத்தது ஒரு கறுப்பு. வெள்ளைக் கழிச்சல் நோய் என்றோம். அக்கா மஞ்சளும் சின்ன வெங்காயமும் அரைத்து மிச்சத்துக்கெல்லாம் ஊட்டினாள். மூன்றாவதும் போனது. நோய்க்குச் செத்ததை யார் அறுத்துப் பார்ப்பார்கள்? மூன்றையும் குழி தோண்டிப் புதைத்தோம். சுப்பாத்தாள் அம்மா வந்து நின்று ஒன்றும் பேசாமல் போனார். அந்தப் பேசாமை அக்காவைக் கொன்றது. "நம்பி விட்ட பொருளுய்யா" என்று புலம்பிக்கொண்டே இருந்தாள்.

செவ்வாய்க்கிழமை, கடைசி வீட்டுக்குப் பின்னால் எலி மருந்து அட்டை ஒன்று கிடைத்தது. அரிசிச் சாக்கை எலி கடிக்கிறது என்று பிகாஷ் வாங்கி வைத்தது. அவன் மறைக்கவும் இல்லை. "ஆமா அக்கா, வீட்டு உள்ளே வச்சேன். வெளிய வைக்கல" என்றான். யார் காதில் விழுகிறது? முதலில் பாய்ந்தது அக்காதான். வாசலில் நின்று, அவன் மனைவியும் கேட்கும்படி, ஊர் பேர் தெரியாதவனெல்லாம் வந்து வாயில்லாச் சீவனைக் கொல்கிறான் என்று கத்தினாள். அவளும் ஊர் விட்டு ஊர் வந்தவள்தான். நானும்தான். அன்றைக்கு அது எங்கள் இரண்டு பேருக்கும் மறந்துபோயிருந்தது.

சாயங்காலம் சுப்பாத்தாள் அம்மாவின் மகன் மகுடேஸ்வரன் பிகாஷின் வாசலுக்கு வந்தார். "தம்பி, ஞாயித்துக்கெழமைக்குள்ள ஊட்டக் காலி பண்ணிக்குடுத்துருங்க. வேற ஒண்ணும் நெனச்சுக்காதீங்க" என்றார். இந்த ஊர் மரியாதை அப்படி. விரட்டும்போதுகூட 'ங்க' போட்டே விரட்டுவார்கள். பிகாஷ் தலையாட்டினான். அவன் மனைவிக்கு ஆறாவது மாதம்.

வெள்ளிக்கிழமை மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தியிருந்தார்கள். கம்பெனி லீவு, எல்லோரும் வீட்டில் இருந்தோம். அக்கா ராசாத்தியைத் தூக்கிக்கொண்டு என் வாசலுக்கு ஓடிவந்தாள். அது கண்ணை மூடிக்கொண்டு கிடந்தது. "காசி, இங்க தொட்டுப் பாரு" என்று என் கையைப் பிடித்து வைத்தாள். கழுத்துக்குக் கீழே, தீனி சேருகிற பை, எலுமிச்சம்பழம் அளவுக்குக் கல்லாக இருந்தது.

"இது மருந்து தின்ன கோழி இல்ல. என்னமோ அடச்சிருக்கு. அறுத்து எடுத்துருவோம்."

துணியை நூறு மடிப்பாக வெட்டுகிறவன் நான், உயிரோடு இருக்கிற தோலை வெட்டிப் பழக்கம் இல்லை. அக்காவே செய்தாள். வெளிச்சத்துக்காக முதல் வீட்டு ஓரத்துத் திறந்த வெளியில் பலகை போட்டு உட்கார்ந்தோம். நான் காலையும் இறக்கையையும் பிடித்துக்கொண்டேன். சிறகைப் பிடுங்கி, மஞ்சள் தண்ணீரால் துடைத்து, புது பிளேடால் ஒரு அங்குலம் கீறினாள். உள்ளே பையையும் கீறினாள். ஒரு நுனி தெரிந்தது, பிடித்து இழுத்தாள். வந்தது, வந்துகொண்டே இருந்தது. ஈரமாக, நாற்றமாக, முறுக்கி முறுக்கி, ஒரு முழம், இரண்டு முழம். நூல். ஆரஞ்சு நூல்.

அக்கா பாத்தியைத் திரும்பிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். ஈரத்துக்கு அடியில் புழு சேர்ந்திருக்கிறது. புழுவுக்காகக் கிளறிய கோழிகள் நூலையும் சேர்த்து விழுங்கியிருக்கின்றன. பனியனில் ஊசிமுனை ஓட்டையைக் கண்டுபிடிக்கிறவள், தினமும் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றிய இடத்தில் இதைப் பார்க்கவில்லை.

அவள் உப்புத் தண்ணீரால் கழுவி, முதலில் பையை, பிறகு தோலைத் தைத்தாள். ஏழு தையல், அளந்து போட்டது போல. ராசாத்தி கண்ணைத் திறந்தது. அப்போதுதான் நான் அதைச் சொன்னேன். இன்றைக்கும் என் நாக்கு அந்த வார்த்தையில் கசக்கிறது. "அக்கா, இத வெளிய சொல்ல வேணாம். ஊட்டுக்காரம்மா கோழியையும் எடுத்துருவாங்க, எடத்தையும் எடுத்துருவாங்க. வேஸ்ட்டு கொண்டாந்தது நான்னு வம்பு என் வீட்டுக்கும் வந்து நிக்கும்."

"அந்தப் பய வீடு போகுதேடா."

"அவனுக்கு வேற வீடு கெடைக்கும்க்கா."

நூல் உருண்டையை ஒரு தாளில் மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டாள். சனிக்கிழமை வேலைக்குப் போகாமல், வேஸ்ட் முழுவதையும் ஒரு துணுக்கு விடாமல் பொறுக்கிச் சாக்கில் கட்டினாள். வெறும் மண்ணில் வெயில் இறங்கியது. சாயங்காலமே வெண்டை படுத்துவிட்டது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். இரண்டு முறை எழுந்து சுப்பாத்தாள் அம்மா வீட்டுப் பக்கம் நடந்து, பாதியில் திரும்பி வந்தாள். அந்த மண்ணைவிட்டால் அவளுக்கென்று இந்த ஊரில் வேறொன்றும் இல்லை. அது எனக்குத் தெரியும். அவள் திரும்பி வந்த இரண்டு முறையும் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு லோடு ஆட்டோ வந்தது. கட்டிலை ஏற்ற நான் ஒரு பக்கம் பிடித்தேன். சுப்பாத்தாள் அம்மாவும் மகுடேஸ்வரனும் சாவி வாங்க வந்து நின்றார்கள். அடுப்பையும் ஏற்றிய பிறகு அக்கா வெளியே வந்தாள். நேராகச் சுப்பாத்தாள் அம்மா முன்னால் போய், தாளைப் பிரித்து நீட்டினாள்.

"அம்மா, ஒங்க கோழியக் கொன்னது நாந்தான். செடிக்கு ஈரம் நிக்கட்டும்னு பனியன் வேஸ்ட்டப் போட்டேன். நூலத் தின்னு செத்துருக்குக. அந்தப் பய மேல ஒரு குத்தமும் இல்ல."

சுப்பாத்தாள் அம்மா உருண்டையைக் கையில் வாங்கிப் பார்த்தார். "அட, என்ன அம்மிணி நீங்க. தெரியாமப் பண்ணுனதுக்கு யாரு என்ன சொல்லப் போறாங்க? மொதல்லயே ஒரு வார்த்த சொல்லியிருந்தா அந்தத் தம்பிய அனுப்பியிருப்பமா?" என்றார். கோழியை எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லவில்லை. இடத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. நாங்கள் இரண்டு நாள் பயந்த பயமெல்லாம் அவ்வளவுதான். மகுடேஸ்வரன் ஆட்டோக்காரரிடம், "இறக்கி வெச்சுருங்க. தம்பி, நீங்க இங்கயே இருங்க, ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க" என்றார்.

பிகாஷ் கட்டிய கயிற்றை அவிழ்க்கவில்லை.

"வேண்டாங்க சார். சோமனூர்ல ரூம் பாத்தாச்சு" என்றான். பிறகு அக்கா பக்கம் திரும்பினான். கோபம்கூட இல்லை அவன் குரலில். "அக்கா, வெள்ளிக்கிழமை நீங்க கோழி தைச்சீங்க. நான் வாசல்ல இருந்தேன். ஆரஞ்சு நூல் பாத்தேன். என் வொய்ஃப்கிட்ட சொன்னேன், அக்கா இப்ப வந்து சொல்லுவாங்க, பொட்டி கட்டாதேன்னு. சனிக்கிழமையும் சொன்னேன். இன்னிக்கு காலையில கட்டினோம்."

"நீயாவது சொல்லியிருக்கலாமேடா" என்றேன் நான், எதையாவது பேச வேண்டும் என்று.

"நான் சொன்னா யாரு நம்பும், அண்ணா?"

ஆட்டோ போனது. அக்கா அவ்வளவு பேர் முன்னால், வேஸ்ட்டைக் கொண்டுவந்தது யார் என்றோ, சொல்லாதே என்று தடுத்தது யார் என்றோ சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. கட்டில் கால் பட்டுச் சிவந்த உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டு நின்றேன்.

ராசாத்தி பிழைத்துக்கொண்டது. அடைக்கு உட்கார்ந்து ஒன்பது குஞ்சு பொரித்தது. பங்கு பிரிக்கச் சுப்பாத்தாள் அம்மா கூப்பிட்டபோது அக்கா தனக்கு வேண்டாம் என்றுவிட்டாள். ஆடி மழைக்குப் பிறகு மறுபடியும் கத்தரி வைத்திருக்கிறாள், இந்த முறை அடியில் காய்ந்த புல்தான். காய்க்கிறது. பூட்டிக் கிடக்கும் கடைசி வீட்டு வாசலையும் தினமும் அவளே கூட்டுகிறாள். எனக்கும் ஒரு கிண்ணம் கத்தரிக்காய் கொண்டுவந்து வைக்கிறாள்; முன்பு பட்டனில்கூடக் குறை கண்டவள், இப்போது என்னிடம் ஒரு குறையும் சொல்வதில்லை. நான் வாங்கிக்கொள்கிறேன்.